பதிவேட்டில் பிறந்த தங்கை

வாய் தவறி ஒரு பிள்ளையைப் பெற்ற மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். அதுவும் அலுவலக நேரத்தில்.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கம்பெனியில் புகார் கவுண்டர் அவருடையது. அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்றுதான்: வந்தவர் என்ன சொன்னாலும் முதலில் "ஆமாங்க" என்று சொல்லிவிடு, மெய்யா பொய்யா என்பதைப் பிறகு மெக்கானிக் பார்த்துக்கொள்வார். "ஃப்ரிட்ஜ்ல வெச்ச பால் கொதிக்குதுய்யா!" என்று ஒருவர் குதித்தால், "ஆமாங்க, கொதிக்கும்ங்க" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி அது அவர் நாக்கில் ஊறிப்போய்விட்டது. கூட வேலை பார்ப்பவர்கள் ஆமாம்சாமி என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை.

வீட்டில் இந்தக் குணம் ரொம்பவே உபயோகப்பட்டது. மனைவி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து இழப்பீட்டுப் பிரிவில் இருந்தாள். யார் எங்கே வழுக்கினார், எந்தப் படியில் உருண்டார், எந்த எலும்பு போயிற்று என்று காலையிலிருந்து மாலை வரை படித்துவிட்டு வருகிறவள். அவள் கண்ணுக்கு வீட்டுத் தரையெல்லாம் பள்ளம், மேஜை முனையெல்லாம் கத்தி. கூடவே இருந்த அவருடைய அக்காவோ, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. விசில் இல்லாத கழுத்தோடு அக்காவைப் பார்த்தவர்கள் குறைவு. "விழட்டுமே, விழுந்தாத்தான் எழுந்திருக்கத் தெரியும்" என்பது அவளுடைய தாரக மந்திரம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நம் ஆமாம்சாமி இரண்டு பக்கமும் "ஆமாம்" சொல்லி, இடி விழாமல் பத்து வருஷம் ஓட்டிவிட்டார்.

பத்து வருஷம் என்பது மகளின் வயது. பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பு. பெருமூளை வாதம் என்றார்கள். கால்கள் இரண்டும் இறுகியிருக்கும், இடது கையும் கொஞ்சம். பேச்சு இழுத்து இழுத்து வரும். ஆனால் வந்து சேர்ந்தால் குத்த வேண்டிய இடத்தில் சரியாகக் குத்தும். அவள் பிறந்தபோது அம்மா ஒரு பெயர் சொன்னாள், அத்தை ஒரு பெயர் சொன்னாள், அப்பா இரண்டுக்கும் தலையாட்டினார். சான்றிதழில் அம்மா சொன்ன பெயர் ஏறியது. அத்தை தான் சொன்ன பெயரை விடுவதாக இல்லை. வீடு ரணகளமாகாமல் இருப்பதற்காக மூன்றாவதாக ஒரு பெயர் வந்து நிலைத்தது: மேனேஜர். கட்டிலில் சாய்ந்தபடியே அடுப்பில் பொங்கும் பால் முதல் பால்கனியில் நனையும் துணி வரை எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுகிறவளுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கென்று தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். நாட்டில் இப்படி எத்தனை பிள்ளைகள், யாருக்கு எந்த அளவு சிரமம் என்று தெரிந்தால்தானே என்ன செய்வது என்று யோசிக்க முடியும்? பேட்டரி வீல்சேர் கொடுப்பவர்கள் அதிலிருந்துதான் பெயர் எடுத்தார்கள். நடைப் பயிற்சி முகாம் நடத்துபவர்களும் அப்படியே. மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் போய் மகளைப் பதிந்தாள்.

"நடப்பாளாம்மா?"

"மாட்டா."

"உக்காருவாளா?"

"யாராவது பிடிச்சுக்கணும்."

"தானா சாப்பிடுவாளா?"

"ஐயோ, புரையேறிடும்!"

இது அக்காவின் காதுக்கு எட்டியதும் ரத்தம் கொதித்துவிட்டது. இப்படி எழுதினால் எந்த முகாமில் கூப்பிடுவான்? மறுவாரமே பள்ளி மைதானத்தில் நடந்த மருத்துவ முகாமுக்கு மேனேஜரைக் கூட்டிக்கொண்டு போனாள். காதும் காதும் வைத்த மாதிரி, பத்து வருஷத்துக்கு முன்னால் தான் ஆசைப்பட்ட பெயரிலேயே மறுபடி பதிந்துவிட்டு வந்தாள். "நடப்பாளா?" என்று அங்கேயும் கேட்டார்கள். "வாக்கரைக் குடுத்துப் பாருங்க, ஓடுவா!" என்றாள் அத்தை.

ஆக, பதிவேட்டில் ஒரே முகவரியில், ஒரே தாய் தகப்பனுக்கு, ஒரே நாளில் பிறந்த இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தியால் எதுவுமே முடியாது. இன்னொருத்தியால் எல்லாமே முடியும். அதைச் சரிபார்க்கத்தான் ஆமாம்சாமிக்கு போன் வந்தது. வந்த நேரம்தான் சரியில்லை. எதிரே ஒரு ஃப்ரிட்ஜ்காரர் கவுண்டரைக் குத்திக்கொண்டிருந்தார்.

"சார், தேசியப் பதிவேட்டுலேர்ந்து பேசறோம். உங்க வீட்டுல ரெண்டு பொண்ணுங்க, சரிதானே?"

"எத்தனை தடவைய்யா ரிப்பேர் பண்ணுவீங்க? எல்லாரும் திருட்டுப் பசங்க!" என்றார் ஃப்ரிட்ஜ்காரர்.

"ஆமாங்க" என்றார் இவர், இருவருக்கும் பொதுவாக.

"ரெட்டைப் பிள்ளைங்களா சார்?"

"ஆமாங்க, ஆமாங்க."

"ரொம்ப நன்றி சார். குறிச்சுக்கிட்டேன்."

தாங்கள் திருடர்கள்தான் என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட திருப்தியில் ஃப்ரிட்ஜ்காரர் கிளம்பிப் போனார். அப்புறம்தான் ஆமாம்சாமிக்குத் தன் காதில் விழுந்ததும் தன் வாயிலிருந்து விழுந்ததும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? உடனே அந்த எண்ணுக்கே திருப்பி அடித்தார்.

"ஓ, அந்த ரெட்டைப் பிள்ளைங்களோட அப்பாவா!" என்று ஓர் ஆண் குரல் குதூகலித்தது. "ஒரே பிரசவம், ஆனா ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் இவ்வளவு வித்தியாசம்! எங்க டாக்டர் அசந்து போயிட்டார் சார். நேர்லயே வந்து பாக்க ஆள் அனுப்பறோம். ரெண்டு பொண்ணுங்களும் வீட்டுல இருப்பாங்கல்ல?"

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க இவருக்கு மனசு வரவில்லை. "ஆமாங்க" என்றார்.

"அதுவரைக்கும் பட்டியல்ல ரெண்டு பேருக்கும் வீல்சேர் குடுக்கறதை நிறுத்தி வெச்சிருக்கோம். பாத்து முடிச்சதும் விட்டுடுவோம்."

இதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு விபரீதம் உறைத்தது. வரும் வகுப்புக்கு மேனேஜர் பெரிய பள்ளிக்கு மாற வேண்டும். அங்கே வாசலுக்கும் வகுப்பறைக்கும் நடுவில் ஒரு பெரிய மைதானம். இத்தனை நாள் இடுப்பில் தூக்கிக்கொண்டு போன மனைவிக்கு முதுகு போய்விட்டது, பெண்ணும் வளர்ந்துவிட்டாள். பட்டியலில் அவள் முறை நெருங்கி, சேர் வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தது. சேர் இல்லையென்றால் பள்ளிக்கூடம் இல்லை. அதை இப்போது ஒரு வார்த்தையால் நிறுத்தியவர் வேறு யாருமில்லை, பெற்ற தகப்பன்.

வாயில் சாப்பாடு இருக்கும்போது சொன்னால் கத்த முடியாது என்று கணக்குப் போட்டு, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் விஷயத்தைப் போட்டு உடைத்தார். கணக்குத் தப்பிவிட்டது. மனைவி முதலில் விழுங்கினாள், பிறகு கத்தினாள்.

"அண்ணி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம என் பொண்ணை ரெண்டாவது தடவை பதிஞ்சிருக்கீங்க?"

"சொன்னா விட்டிருப்பியா? அவளால எதுவுமே முடியாதுன்னு நீதானே எழுதிக் குடுத்துட்டு வந்தே?"

"அண்ணி, விழுந்து மண்டை உடைஞ்சா அப்புறம்..."

"உன் ஆபீஸ்ல வர்ற மண்டையெல்லாம் இவ மண்டையா?"

கொஞ்ச நேரம் இப்படியே போனது. பிறகு இருவரும் சட்டென்று நிறுத்திவிட்டு ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் ஒரே கட்சியில் சேர்ந்தது பத்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"ரெட்டைன்னு ஆமாம் போட்டது யாருங்க?" என்றாள் மனைவி.

"நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடறேன்..."

"வேணாம்!" என்று அலறினாள். "தப்பான தகவல் குடுத்தா மனுவையே ரத்து பண்ணிடுவாங்க. ஆபீஸ்ல நான் தினமும் அதைத்தானே பண்றேன்?"

மேனேஜர் வாயிலிருந்ததை நிதானமாக மென்று முடித்தாள்.

"வர்றவங்க... ரெண்டு பேரைத்தானே பாக்கணும்?" என்றாள். "நானே... ரெண்டு பேரா இருக்கேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று மூன்று பெரியவர்களுக்கும் தெரியும். ஆனால் வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. அன்று ராத்திரியே கட்டிலிலிருந்து உத்தரவுகள் பிறந்தன. "அம்மா, நீ பெட்ரூம். முடியாத பொண்ணு உன்னோடது. அத்தை, நீங்க ஹால். முடியற பொண்ணு உங்களோடது. அப்பா, நீங்க நடுவுல என்னைத் தூக்கிட்டுப் போகணும். வாயே திறக்கக் கூடாது."

வந்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, கள அலுவலர். தோளில் ஒரு பை, கையில் டேப்லெட், அலட்டிக்கொள்ளாத முகம். டீ சாப்பிடுவது இல்லை என்றார். திட்டம் முழுவதும் அந்த டீயை நம்பித்தான் இருந்தது. "அதெல்லாம் முடியாது, குடிச்சே ஆகணும்" என்று அக்கா போட்ட அதட்டலில் அந்த அம்மாள் திகைத்துப்போய்ச் சம்மதித்தார்.

முதலில் பெட்ரூம். மேனேஜர் துவண்டு கிடந்தாள். கொஞ்சம் அதிகமாகவே துவண்டு, கண்ணை வேறு செருகிக்கொண்டிருந்தாள். அம்மா போர்வைக்கடியில் ஒரு கிள்ளு கிள்ளியதும் கண் நேராக வந்தது. அலுவலர் முழங்காலை மடக்கிப் பார்த்தார், பாதத்தை வளைத்துப் பார்த்தார். இதெல்லாம் முடியுமா என்று கேட்டுக்கொண்டே போனார். "முடியாதுங்க, முடியாதுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்த மனைவி நாலாவது கேள்வியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது நடிப்பு இல்லை. எத்தனையோ ஆஸ்பத்திரிகளில், எத்தனையோ மேஜைகளுக்கு முன்னால் அவள் சொன்ன பதில் அது. ஒவ்வொரு தடவையும் அவள் அப்படித்தான் திருப்பிக்கொள்வாள்.

அலுவலர் ஹாலுக்குப் போனார். அக்கா டீயை நீட்டி, விளையாட்டில் தான் ஜெயித்த கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி வரலாறு சொல்ல ஆரம்பித்தாள். ஆமாம்சாமி மகளை அள்ளிக்கொண்டு சமையலறை வழியாகப் பின்னறைக்கு ஓடினார். அங்கே மாற்றுடை தயாராக இருந்தது. வலது கையை முதலில் நுழைத்தார். இடது கை வளையவே இல்லை. துணி கழுத்தில் மாட்டிக்கொண்டது.

"அப்பா... முதல்ல இறுக்கமான கை" என்றாள் துணிக்குள்ளிருந்து.

"ஆமாமா."

"உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

தெரியாதுதான். மனைவி உடுத்திவிடுவாள், இல்லாவிட்டால் அக்கா உடுத்திவிடுவாள். பத்து வருஷமாக அவர் வேலை, உடுத்திய பிறகு "நல்லாயிருக்கு" என்று சொல்வது மட்டும்தான். வெட்கமாக இருந்தது. மறுபடி கழற்றி, இறுக்கமான கையிலிருந்து ஆரம்பித்தார். அவர் திணறுவதைப் பார்த்து மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து விக்கல் பிடித்துக்கொண்டது. ஒரு வழியாக வாக்கரில் நிறுத்தியபோது உடையின் பொத்தான்கள் முதுகுக்குப் பதிலாக நெஞ்சில் இருந்தன.

"இதோ வர்றா பாருங்க!" என்று அறிவித்த அக்கா, பழக்கதோஷத்தில் விசிலை ஊதிவிட்டாள்.

மேனேஜர் வந்தாள். ஒரு எட்டு, ஒரு விக்கல். ஒரு எட்டு, ஒரு விக்கல். முகம் சிவந்துவிட்டது. சோபாவரைக்கும் வந்து சேர்வதற்குள் ஆமாம்சாமிக்கே மூச்சு வாங்கியது. அலுவலர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தப் பொத்தான்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார். "இன்னொரு பொண்ணையும் இங்க கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரையும் சேத்து வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

மனைவி அக்காவைப் பார்த்தாள், அக்கா ஆமாம்சாமியைப் பார்த்தாள், ஆமாம்சாமி திருதிருவென்று விழித்தார்.

"அவ தூங்கறா" என்றாள் மேனேஜர்.

"எழுப்பலாமே."

மேனேஜர் யோசித்தாள். ஒரு விக்கல் வந்து போனது. "அவளை எழுப்பணும்னா... நான் போய்த்தான் படுக்கணும்."

அலுவலரின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமாம்சாமியை நேராகப் பார்த்தார். "என்ன சார், ரெட்டைப் பிள்ளைங்கதானா?"

நாக்கின் நுனிவரைக்கும் பழைய வார்த்தை வந்து நின்றது. அதை விழுங்கினார். "இல்லைங்க. ஒரே பொண்ணுதான். போன்ல நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். தண்டனை எதுவா இருந்தாலும் எனக்குக் குடுங்க. இவ பேரை மட்டும் எடுத்துடாதீங்க. சேர் வரலேன்னா இவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லைங்க."

அவர் ஒரே மூச்சில் இத்தனை பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை. அக்கா விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"பேரை எடுக்கறதுக்கு நான் வரலை சார்" என்றார் அலுவலர். "ஆனா ரெண்டுல ஒருத்தியை அழிக்கணும். எவ நிஜம்?"

"என்கூட இருக்கறவதான்" என்றாள் மனைவி.

"என்கூட இருக்கறவதான்" என்றாள் அக்கா.

ஆரம்பித்துவிட்டார்கள். அலுவலர் கையை உயர்த்தினார். "அதிகபட்சமா என்ன முடியும்னு எங்களுக்கு வேணாம். என்ன முடியாதுங்கற கணக்கும் வேணாம். சாதாரணமா எப்படி இருப்பான்னுதான் எழுதணும்." மகள் பக்கம் குனிந்தார். "நீயே சொல்லும்மா. யாருமே பக்கத்துல இல்லாதப்ப நீ எப்படிப் போவே, வருவே?"

மேனேஜர் மூன்று பெரியவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"தெரியாது ஆன்ட்டி" என்றாள். "யாரும் இல்லாம... நான் இருந்ததே இல்லை."

பொய்யில்லை. இவள் போனால் அவள், அவள் போனால் இவள் என்று இத்தனை வருஷமும் போட்டி போட்டுக்கொண்டு காவல் காத்திருக்கிறார்கள். மனைவி கீழே பார்த்தாள். அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"சரி, மூணு பேரும் வெளிய போங்க" என்றார் அலுவலர். "நான் ஒரு மூலையில இருப்பேன். கண்ணுக்கே தெரிய மாட்டேன்."

மூன்று பேரும் மாடிப்படியருகே நின்றார்கள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே முதலில் சத்தமே இல்லை. பிறகு ஏதோ தரையில் உரசியது. பிறகு தடால் என்று ஒரு சத்தம்.

"விழுந்துட்டா!" மனைவி பாய்ந்தாள். அவளுக்கு முன்னால் கதவுப் பிடியைப் பற்றியது, விழட்டுமே என்று பத்து வருஷம் சொல்லிவந்த அக்காவின் கை. முகம் வெளுத்துவிட்டிருந்தது. ஆமாம்சாமி இருவருக்கும் நடுவில் புகுந்து கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்.

"நகருங்க!"

"டேய், நகருடா!"

"வேணாம்" என்றார். அவருக்கும் உள்ளே ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. "கூப்பிடட்டும். கூப்பிட்டா போலாம்."

அவள் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அலுவலர்தான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"விழலை. வாக்கரைத் தள்ளி விட்டா, அது சாய்ஞ்ச சத்தம்" என்றார். "தரையில இறங்கி, முழங்கால்ல ஜன்னல் வரைக்கும் போனா. கம்பியைப் பிடிச்சு எழுந்து தெருவைப் பாத்தா. அப்புறம் சுவரைப் பிடிச்சுக்கிட்டே வந்து ரிமோட்டை எடுத்தா. அப்புறம் மூலையில இருந்த என்னைப் பாத்து, 'நீங்களும் போங்க ஆன்ட்டி'ன்னா." படியில் உட்கார்ந்து டேப்லெட்டைத் தட்டினார். "வீட்டுக்குள்ள தவழ்ந்தும் பிடிச்சு நடந்தும் போறா, வெளிய போக சேர் அவசியம். நிறுத்தி வெச்சதை எடுத்துட்டேன். பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள சேர் வந்துடும். முகாமுக்கும் கூப்பிடுவாங்க."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டுல யாரைங்க அழிச்சீங்க?" என்று தயக்கத்தோடு கேட்டாள்.

"ரெண்டு பேரையும்தான்" என்றார் அலுவலர். "இவ புதுசு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். மூன்று பேரும் கதவைப் பார்த்தார்கள். அக்கா மெல்லத் தட்டினாள். உள்ளே முழங்கால் உரசும் சத்தம் நிதானமாக நெருங்கி வந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. அவர்கள் இடுப்பு உயரத்தில் மேனேஜரின் முகம் தெரிந்தது. தலை கலைந்து, விக்கல் நின்றிருந்தது.

"ஏன் இங்கயே நிக்கறீங்க?" என்றாள். "எங்கயாவது போயிட்டு... மெதுவா வாங்க."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் அவளுக்கு எட்டும் என்பது அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.